கயத்தில் ஃப்ளை போட்டால் மீன் கடிக்குமா?

பிப்ரவரி 22

(புதியவர்களுக்கு: ஃப்ளை என்பது பூச்சி போலத் தெரிய, முள்ளில் இறகும் நூலும் கட்டிய பொய் இரை. ராடு தூண்டில் கம்பு, லைன் அதில் வீசும் கனத்த நூல்.) கேள்வி இப்படி வந்திருக்கிறது:

"அண்ணே, எனக்குக் குமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம். மூவாற்றுமுகத்துக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் பெரிய கயம், அதாவது ஆழமான மடு, ஒன்று உண்டு. இரண்டு மாதமாக அங்கே ஃப்ளை வீசுகிறேன். 6-ஆம் எண் ராடு, மிதக்கும் லைன். ஒரு கடி இல்லை. பக்கத்தில் மண்புழு போடும் பையன்கள் சாயங்காலத்துக்குள் ஒரு கோர்வை மீனோடு வீட்டுக்குப் போகிறார்கள். ஃப்ளை எல்லாம் சலசலவென்று ஓடும் தண்ணிக்குத்தான், கிடைத்தண்ணிக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். சரிதானா?"

பிப்ரவரி 22, இரவு

சரியில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிகிறது.

ஓடும் தண்ணியில் பாதி வேலையை ஆறே செய்துவிடும். ஃப்ளையைக் கொண்டுபோய் மீன் வாய்க்கு நேராக விடும், ஆட்டும், உருட்டும். மீனுக்கும் யோசிக்க நேரமில்லை. விட்டால் போச்சு என்று கவ்விவிடும். கயத்தில் அந்த அவசரம் கிடையாது. மீன் வரும், பார்க்கும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பிறகு சொல்கிறோம்" என்று போய்விடும்.

தம்பியின் சிக்கல் வீச்சில் இல்லை என்று நினைக்கிறேன். மிதக்கும் லைனில் ஃப்ளை மேல் இரண்டடியிலேயே நின்றிருக்கும். புழு போடும் பையன்கள் ஈயக்குண்டு கட்டி ஆழத்துக்கு விடுகிறார்கள். அவர்கள் மீன் இருக்கும் மாடியில் கதவைத் தட்டுகிறார்கள், நீங்கள் மொட்டைமாடியில் நிற்கிறீர்கள்.

நான் இதைக் கற்றது அயர்லாந்தில். நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் ஆறு வருடம் இருந்தேன். விடுமுறை நாளில் லாக் கோரிப் ஏரியில் படகேறுவேன். அது ஏரி, நமக்கு ஆறு. ஆனாலும் பிப்ரவரி கடைசியில் அணையை அடைத்துவிட்டால் நம்முடைய ஆறும் ஒன்றையொன்று தொடாத ஏழெட்டு ஏரியாகிவிடுகிறது. ஆகவே ஏரிக்காரன் வித்தை இங்கே செல்லும்.

பிப்ரவரி 23

நேற்று விட்டுப்போனது: லைன் எண்ணைப் பற்றி.

ஃப்ளை ராடில் வீசுவது லைனின் பாரத்தை. ஃப்ளைக்குப் பாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அது லைனின் பின்னால் போகிறது. 7-ஆம் எண் லைன் என்றால் முதல் 30 அடி 185 கிரெய்ன், அதாவது 12 கிராம் பக்கம். இது மிதக்கும் லைனுக்கும் அதேதான், முங்கும் லைனுக்கும் அதேதான். வேறுபடுவது அடர்த்தி. முங்கும் லைன் பெட்டியில் டைப் 3 என்று போட்டிருந்தால் விநாடிக்கு 3 அங்குலம் இறங்கும், டைப் 6 என்றால் 6 அங்குலம். இன்டர்மீடியட் என்று விற்பது ஒன்று, ஒன்றரை அங்குலம்.

கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 10 அடி என்பது 120 அங்குலம். டைப் 3-க்கு 40 விநாடி. டைப் 6-க்கு 20. இன்டர்மீடியட் என்றால் 80 விநாடி, அதற்குள் ஒரு பீடி முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீசுங்கள். 10 எண்ணி இழுங்கள். கடிக்கவில்லையா, அடுத்த வீச்சுக்கு 20. அப்புறம் 30. எந்த எண்ணில் கடித்ததோ அந்த எண்ணை விடக்கூடாது. மீன் வீட்டுக் கதவு எண் அது. நான் வைத்திருப்பது டைப் 3, எனக்கு இந்த ஆற்றில் அந்த எண் 40. பத்தடி.

பிப்ரவரி 24

லீடர்! லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பு. முங்கும் லைனுக்கு 9 அடி லீடர் கட்டாதீர்கள். லைன் கீழே போகும், ஃப்ளை மேலே ஒய்யாரமாக வரும். 4 அடி போதும்.

மார்ச் 2

காலை ஐந்தரைக்கே ஆற்றில் இருந்தேன். அணை அடைத்தாயிற்று, தண்ணி பச்சை கட்டத் தொடங்கியிருக்கிறது. எதிர்க்கரையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தலைவிளக்குகள் ரப்பர் தோட்டத்துக்குள் மினுங்கின. மீன்கொத்தி என்னைவிட முந்தி வந்து ஒன்றைத் தூக்கிப்போனது. அதற்கு லீடர் கவலை இல்லை.

ஏழு மணிக்குக் குளிக்க வந்த பையன்களில் ஒருவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: "மாமா, ஆத்த எதுக்கு சாட்டையால அடிக்கிய?" பதில் சொல்ல வரவில்லை.

எண்ணிக்கை 40-இல் ஒரு ரோகு. முக்கால் கிலோ இருக்கும். அணையில் விட்ட குஞ்சு வெள்ளத்தில் தப்பி வந்து ஆற்றில் பெருத்ததாக இருக்கலாம். ஃப்ளை ஊலி பக்கர், ஆலிவ் நிறம். 1967-இல் பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸ்ஸிங் என்பவர் கட்டியது. அதன் வாலில் இருப்பது வான்கோழித் தூவி. நான் நாட்டுக்கோழியின் வயிற்றுப்பக்கத்துத் தூவியைப் போடுகிறேன். கிடைத்தண்ணிக்கு இந்த ஒரு விஷயம் முக்கியம்: நீங்கள் இழுக்காமல் நிறுத்தினாலும் ஃப்ளை மூச்சு விட வேண்டும். விறைப்பான இறகு ஓடும் தண்ணிக்குச் சரி, இங்கே அது செத்த பூச்சி.

இழுப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் லைனை எட்டுப் போலச் சுருட்டிச் சுருட்டி எடுப்பது. எங்கள் பாட்டி தேங்காய்த் தொண்டு அடித்த நாரை மடியில் வைத்துக் கயிறு திரிப்பாள், கை அவள்பாட்டில் ஓடும், வாய் அவள்பாட்டில் ஊர்க்கதை பேசும். அந்தக் கை வேகம்தான் அளவு. அவசரப்பட்டால் மீன் சந்தேகப்படும்.

மார்ச் 3

நேற்று எழுதாமல் விட்டது: ரோகுவுக்கு முன்னால் இரண்டைத் தொலைத்தேன். அயர்லாந்துப் பழக்கம், கடித்த உடனே ராடை மேலே தூக்கினேன். பத்தடி ஆழத்தில் தொய்வாகக் கிடக்கும் லைன் நேராவதற்குள் மீன் துப்பிவிட்டது. ராடு நுனியைத் தண்ணிக்குள்ளேயே வையுங்கள், லைனை நோக்கி நேராக. கடி தெரிந்ததும் இடக்கையால் நீளமாக ஓர் இழு. முள் ஏறியபின் ராடைத் தூக்கலாம்.

கடி என்றதும் வெடுக்கென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். லைன் கொஞ்சம் கனத்தது போல, ஈரத்துணி மாட்டியது போலத்தான் வரும். தென்னை ஓலை மாட்டினாலும் அதே உணர்ச்சி. நான் எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறேன். இதுவரை ஓலைகள்தான் முன்னணியில்.

மார்ச் 9

பின்னால் இடமில்லை என்ற புகார் நியாயமானது. நம் கரையில் முதுகுக்குப் பின்னால் கைதை (தாழை), அதற்குப் பின்னால் தென்னை. தலைக்கு மேல் வீசினால் கைதை முள்ளிலிருந்து ஃப்ளையைப் பிரிக்கவே ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

ரோல் வீச்சுக்கு மாறுங்கள். லைனைப் பின்னால் கொண்டுபோக வேண்டாம். ராடை மெதுவாகக் காதுப்பக்கம் உயர்த்தி, லைன் தோளுக்குப் பின்னால் வில் போலத் தொங்கும்வரை நின்று, பிறகு முன்னால் ஒரே தள்ளு. தண்ணி லைனைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடிதான் ராடை வளைக்கிறது. முங்கும் லைனில் ஒரு வேலை கூடுதல்: ஆழத்தில் கிடப்பதை அப்படியே உருட்ட முடியாது. முதல் ரோல் லைனை மேலே கொண்டுவர, இரண்டாவது ரோல் வீச. முதல் ரோலை விட்டுவிட்டு வீசினால் ராடு முனகும். என் பழைய ராடு முனகாமல் நேரே முறிந்தது.

மார்ச் 10

ரோல் வீச்சைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்தபோது பாட்டா, அதாவது தாத்தா, நினைவு வந்தார்.

பாட்டாவிடம் ரீல் கிடையாது. பன்னிரண்டடி மூங்கில், அதன் நுனியில் நூல், நூலின் முனையில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. காற்று அடிக்கும்வரை கரையில் உட்கார்ந்திருப்பார். காற்று வந்ததும் கம்பை நிமிர்த்துவார். நூல் காற்றில் பறந்து வெட்டுக்கிளி தண்ணி மேல் தொட்டும் தொடாமலும் குதிக்கும். தக்கை இல்லை, ஈயம் இல்லை.

பல வருடம் கழித்துக் கோரிப் ஏரியில், மே மாதம், மேஃப்ளை என்கிற பூச்சி பறக்கிற காலத்தில், ஒரு கிழவர் படகில் நீளக்கம்பைப் பிடித்துக்கொண்டு உயிருள்ள மேஃப்ளையை அதேபோலக் காற்றில் பறக்கவிட்டு டிரவுட் மீன் பிடிப்பதைப் பார்த்தேன். அங்கே அதற்கு டாப்பிங் என்று பெயர், பரம்பரை வித்தை என்று மரியாதை. பாட்டாவுக்கு ஊரில் கிடைத்த பெயர் "வேலை வெட்டி இல்லாதவன்".

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மொட்டைமாடியில் நிற்கிறீர்கள் என்று தம்பியைக் கிண்டல் செய்தேனே, அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். காற்று அடிக்கும் நாளில், ஆற்றுக்குமேல் அத்தியோ நாவலோ சாய்ந்து நிற்கும் இடத்தில், மீன் மேலே பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அங்கே மிதக்கும் லைனும் ஹவாய் செருப்பு வெட்டிக் கட்டிய வெட்டுக்கிளியும் போதும்.

மார்ச் 16

ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. கல் கட்டிய கயிற்றை விட்டு அளந்தால் கயத்தின் நடு 18 அடி. மணல் அள்ளிய காலத்தில் தோண்டிய குழி அது, ஆறு செய்த ஆழமல்ல. என் எண்ணிக்கையோ 40-ஐத் தாண்டினால் எதுவும் கடிப்பதில்லை. 60, 70 என்று விட்டுப் பார்த்தேன், ஓலைகூட மாட்டவில்லை. ஆழத்தில்தான் பெரிய மீன் என்று எல்லோரும் சொல்கிறோமே?

ஆகவே ஓர் ஆராய்ச்சி. சோடா பாட்டிலில் கல் கட்டி, தக்கையை லேசாகச் செருகி, தக்கைக்குத் தனிக்கயிறு. அடிக்கு விட்டபின் தக்கையை வெடுக்கென்று இழுத்தால் அடித்தண்ணி பாட்டிலில் ஏறும். மேலே தூக்கி மோந்து பார்த்தேன். தொண்டு அழுகப்போட்ட குழியின் வாடை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: கெட்டுப்போன முட்டை.

அந்த வாடை வந்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை என்று பொருள். வெயிலில் மேல்தண்ணி சூடாகி இலேசாகிறது, அடித்தண்ணி குளிர்ந்து கனமாகக் கிடக்கிறது. ஓட்டம் இல்லாததால் இரண்டும் கலப்பதில்லை. மேலே பாசி பகலில் ஆக்சிஜன் விடுகிறது. கீழே இலையும் சகதியும் அழுகி இருப்பதையும் தின்றுவிடுகிறது. மீன் நடுவில் எங்கோ, மூச்சு விடக்கூடிய கடைசி மாடியில் தொங்குகிறது.

ஆழமான கயத்தில் அடியைத் தேடாதீர்கள். இந்தத் தொடரில் நான் எழுதியதில் உருப்படியான ஒரு வரி இதுதான்.

அந்தப் பாட்டிலை அடுக்களையில் வைத்துவிட்டேன். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

மார்ச் 17

"அப்படியானால் வரால்?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். மடக்கட்டும், நல்ல கேள்வி. வரால் வாயால் காற்றைக் குடிக்கும் மீன். தண்ணியில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை, அவ்வப்போது மேலே வந்து ஒரு மிடறு வாங்கிப் போகும். அந்த மிடறுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே இடத்தில் "ப்ளக்" என்று மீண்டும் மீண்டும் கேட்டால் அந்த வட்டத்துக்கு ஓரடி தள்ளித் தவளை ஃப்ளையை வையுங்கள். நடுக்கயத்தில் தேடவேண்டாம், ஓரத்துச் செடி நிழலில் பாருங்கள்.

சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் மேலே கொதிப்பதுபோலத் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு விருந்து. வெடி போடுகிறவனையும் நஞ்சு கலக்குகிறவனையும் திட்டுகிறோம். அவற்றுக்கு 1897-லேயே சட்டம் வந்துவிட்டது, பேச்சிப்பாறை அணை வேலை தொடங்கிய அதே வருடம். குஞ்சு காக்கும் வராலைப் பிடிக்காதே என்பதற்கு நம் மனசைத் தவிரப் போலீஸ் கிடையாது.

மார்ச் 30

மன்னிப்புக் கேட்க வேண்டிய பதிவு. உட்கார்ந்து படியுங்கள்.

குழித்துறைப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதினார்: "அண்ணாச்சி, நானும் டைப் 3 வாங்கி உங்கள் 40-ஐ எண்ணினேன். ஒன்றும் இல்லை. 20-இல் கடித்தது." ஒரே ஆறு, ஒரே மாதம், எண் மட்டும் பாதி. எங்கோ உதைக்கிறது.

முதலில் லைனைக் கிணற்றில் விட்டு எண்ணினேன். பத்தடிக்கு ஐம்பத்துச் சொச்சம் வந்தது. உடனே "கொஞ்சம் மெதுவான லைன், பரவாயில்லை" என்று இங்கே எழுதவும் தொடங்கினேன். மச்சினன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். கிணற்றில் லைன் நுனி முதலில், செங்குத்தாக இறங்குகிறது. ஆற்றில் படுத்தவாக்கில் இறங்குகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? அவன் ரப்பர் ஷீட் அடிக்கிறவன், லைன் பிடித்தவனில்லை. ஆனால் சொன்னது சரி.

பிறகு லைன் நுனியில் அரையடியை மனசைக் கல்லாக்கி வெட்டினேன். சோப்புத் தண்ணியில் நனைத்தேன், இல்லாவிட்டால் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்றடி உயர டிரம்மில் படுத்தவாக்கில் விட்டேன். வீட்டுக்காரி போனில் நேரம் பார்த்தாள். (சமாதானம் ஆகிவிட்டது.) டைப் 3 என்றால் 36 அங்குலத்துக்கு 12 விநாடி வேண்டும். வந்தது 24. நாலு தடவை விட்டோம். 24, 23, 24, 25.

அதாவது பெட்டியில் டைப் 3, உள்ளே இருந்தது இன்டர்மீடியட். இணையத்தில் வாங்கியது. கடைக்காரருக்கு எழுதினேன், "பயன்படுத்திய பொருள் திரும்ப எடுப்பதில்லை" என்று பதில். வெட்டியும்விட்டேன் என்று நான் சொல்லவில்லை.

இப்போது கணக்கைத் திருத்துங்கள். என் 40 என்பது பத்தடி அல்ல, ஐந்தடி. மார்ச் 2-இல் ரோகு கடித்தது ஐந்தடியில். மார்ச் 3-இல் "பத்தடி ஆழத்தில் தொய்வாக" என்று எழுதியதும் ஐந்தடியே. குழித்துறைக்காரரின் 20-உம் ஐந்தடி, அவர் லைன் யோக்கியமானது. 16-ஆம் தேதி ஆராய்ச்சி தப்பவில்லை, இன்னும் அழுத்தமாகவே நிற்கிறது: 70 எண்ணியபோதும் நான் ஒன்பதடியைத் தாண்டவில்லை, அங்கேயே மீன் இல்லை.

18 அடிக் கயத்தில் மீன் ஐந்தடியில். எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். புழுப் பையன்களிடம் கேட்டேன், ஈயக்குண்டிலிருந்து தக்கைவரை எவ்வளவு நூல் விடுகிறாய் என்று. ஒருவன் கையை விரித்துக் காட்டினான். ஒரு பாகம். ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. அவன் ஆழத்துக்கு விடுகிறான் என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவன் நான். கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சம், அரையடி லைனும் மிச்சம்.

ஏப்ரல் 6

வெவ்வேறு கேள்விகளுக்குச் சேர்த்து.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கம் போகலாமா? அது வன உயிரினச் சரணாலயம், ராடோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அணைத் தண்ணிக்கும் மீன்வளத்துறையைக் கேட்டுவிட்டுத்தான்.

டிரவுட் இங்கே உண்டா? கிடையாது. அதற்குக் குளிர்ந்த தண்ணி வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகம் இருக்கிறது, அங்கே போங்கள்.

கரிமீன் ஃப்ளைக்கு வருமா? எனக்கு இரண்டு வந்தது. வாய் மிகச் சின்னது, அது பாசியைக் கொறிக்கிற மீன். நேரத்தை வேறெங்காவது செலவிடலாம். மரச்சீனிக் கிழங்குக்குக் கரிமீன் கறிபோல் வராது என்பது வேறு விஷயம்.

ஆழம் தெரிந்துவிட்டது, ஃப்ளையை அங்கேயே நிறுத்துவது எப்படி? இதுதான் நல்ல கேள்வி. பூபி என்று ஒரு ஃப்ளை, இரண்டு கண்ணும் மிதக்கும் நுரையில். நான் பழைய ஹவாய் செருப்பின் குதிகாலை வெட்டிக் கண் வைக்கிறேன். முங்கும் லைன் ஆறடித் தட்டில், அதாவது கயத்தின் ஓரத்து மணல் மேட்டில் படுத்துக் கிடக்கும், ஃப்ளை லீடர் நீளத்துக்கு மேலே பட்டம்போல நிற்கும். லீடரை இரண்டடி வைத்தால் ஃப்ளை தரையிலிருந்து இரண்டடி. இழுத்தால் தலைகுப்புற இறங்கும், நிறுத்தினால் ஏறும். இன்று காலை மூன்று ஜிலேபிக் கெண்டை.

ஏப்ரல் 13

பூபியைப் பற்றிப் போன வாரம் ரொம்பத் துள்ளிவிட்டேன். நாளைக்குச் சித்திரை ஒன்று, அதற்குள் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ராடைக் கல்லில் சாய்த்துவிட்டுப் பூபியைச் சும்மா நிற்கவிட்டால் மீன் நிதானமாக விழுங்கிவிடுகிறது. முள் தொண்டைக்குள். விட்டுவிட நினைத்த மீனையும் விட முடியாது. இங்கிலாந்தில் சில ஏரிகளில் பூபியைத் தடை செய்திருப்பது இதற்காகத்தான் என்று அயர்லாந்திலேயே கேட்டிருக்கிறேன், மறந்துவிட்டது. அது ஃப்ளை வேஷம் போட்ட புழுத்தூண்டில்.

போட்டால் லைனைக் கையில் பிடித்துக்கொண்டே, நகர்த்திக்கொண்டே போடுங்கள். சாயா குடிக்கப் போகாதீர்கள்.

ஏப்ரல் 27

தேங்காய்ப்பட்டணம் போனேன். மைத்துனி வீடு, அதை முன்னிட்டு ராடு.

முகத்துவாரத்துக்கு மேலே ஆறு அகலமாக, ஆழமாக, அசையாததுபோலத் தெரியும். கயம்தானே என்று நினைத்து நம் ஐந்தடிக் கணக்கைப் போட்டால் தோல்வி. அங்கே மாடி பிரிவது வெயிலால் அல்ல, உப்பால். ஏற்றத்தில் வரும் கடல்தண்ணி கனம், ஆற்றுத் தண்ணிக்கு அடியில் ஆப்புப்போல நுழைகிறது. மேலே நல்லதண்ணி கடலுக்குப் போகிறது, அதே நேரம் கீழே உப்புத்தண்ணி ஊருக்குள் வருகிறது. மேலே மடவை துள்ளுகிறது, கீழே கல் இடுக்கில் செம்பல்லி காத்திருக்கிறது. இங்கே அடித்தண்ணி செத்தது அல்ல, தினமும் இரண்டு வேளை புதுசு. ஆகவே இங்கே மட்டும் அடிக்குப் போங்கள்.

செம்பல்லிக்குக் கிளவுசர் போட்டேன். கண்ணிடத்தில் ஈயக்குண்டு வைத்த ஃப்ளை. சஸ்குவெஹானா ஆற்றில் பாஸ் மீனுக்காக பாப் கிளவுசர் 1980-களில் கட்டியது. இழுப்பை நிறுத்தியதும் தலைகுத்தி விழும், செம்பல்லி அந்த விழுதலில்தான் அடிக்கிறது. ஒன்று அடித்தது. கல்லுக்குள் போய்விட்டது. லீடர் மட்டும் வந்தது, அதுவும் பாதி.

மைத்துனி வீட்டில் மீன் அவியல். கடையில் வாங்கிய மீன்.

மே 18

கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து:

"அண்ணே, முங்கும் லைன் வாங்கக் காசில்லை. மிதக்கும் லைனிலேயே 10 அடி லீடர், தலையில் பித்தளை மணி வைத்த ஃப்ளை, ஒரு பாகத்துக்கு நுரைத்தக்கை கட்டி விட்டேன். காற்றுக்கு அலை தட்டித் தக்கை ஆடினபோது ரோகு எடுத்தது. ஒரு கிலோ. நீங்கள் மூன்று மாதம் எழுதியதற்கு ஒரு தக்கை போதுமாக இருந்தது. இதையும் ஃப்ளை என்று ஒத்துக்கொள்வீர்களா?"

ஒத்துக்கொள்கிறேன், தம்பி. அயர்லாந்திலும் ஏரிக்காரர்கள் தக்கைக்குக் கீழே ஃப்ளை தொங்கவிடுகிறார்கள், அலையே அதை ஆட்டட்டும் என்று. அதைத் திட்டுகிறவர்களும் அங்கே உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஆறு வருடம் இருந்தேன்.

ஒன்று மட்டும்: கயம் காற்றில்லாமல் கண்ணாடிபோலக் கிடக்கும் நாளில் தக்கை வேலை செய்யாது. அன்றைக்குக் கயிறு திரிக்கும் கைதான். இழுப்பின் கடைசியில், லைன் பத்தடி பாக்கி இருக்கும்போது நிறுத்திப் பதினைந்து எண்ணுங்கள், பிறகு ராடை மெல்ல உயர்த்துங்கள். பின்னாலேயே வந்து யோசித்துக்கொண்டிருக்கும் மீன், பூச்சி மேலே தப்பிப் போகிறது என்று அப்போது எடுக்கும். என் மீனில் பாதிக்குமேல் காலடியில் கிடைத்தவை. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மே 19

"எண்ணிக்கையை எப்போது தொடங்குவது?" ஃப்ளை விழுந்ததும் அல்ல. லைனில் ஒரு தடவை மெல்ல இழுத்து நேராக்கியதும்.

ஜூன் 4

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிட்டது. நேற்றிரவு முழுக்க மழை. காலையில் போய்ப் பார்த்தால் குழித்துறைச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலே செம்மண் தண்ணி போகிறது, ஒரு முழுத் தென்னை வேரோடு மிதந்து வருகிறது. கயம் எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. சாட்டை கேட்ட பையன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். "இப்ப அடிக்கல்லியா மாமா?" என்றான்.

லைனைக் கழுவித் துடைத்துச் சுருட்டியாயிற்று. பெட்டிமேல் டைப் 3 என்பதை அடித்துவிட்டு "24 விநாடி" என்று எழுதி வைத்திருக்கிறேன்.